குவாண்டம் மேற்பொருந்துதலும் ‘எது நிஜம்’ என்ற ஊகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிவம் 5 இயற்பியலில் கடைசி அத்தியாயம் குவாண்டம். பிள்ளை அதைப் படித்து முடிப்பதற்குள் அப்பாவின் வாட்ஸாப்புக்கு ‘நீங்கள் பார்க்கும்போதுதான் நிலா இருக்கிறது’ என்று ஒரு காணொளி வந்துவிடுகிறது. பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வீட்டில் செய்து பார்க்கக்கூடியதை அளவுகளோடு சொல்லியிருக்கிறோம். ஊகமாக இருப்பதை ஊகம் என்றே சொல்லியிருக்கிறோம்.

மேற்பொருந்துதல் என்றால் ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதுதானே?

அப்படிச் சொல்வது வசதிதான். ஆனால் விஷயத்தின் உயிர் அதில் இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வர பெர்ரி உண்டு, பாலமும் உண்டு. பெர்ரியை மட்டும் விட்டால் கொம்தார் வாசலுக்கு மணிக்கு 100 பேர் வருகிறார்கள், பாலத்தை மட்டும் திறந்தாலும் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் திறந்தால் 200 பேர் வரவேண்டும். எலக்ட்ரான்கள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சில வாசல்களில் 400 வரும். சில வாசல்களில் ஒன்றுகூட வராது. ஒரு வழி திறந்திருந்தபோது 100 வந்த அதே வாசலில், இன்னொரு வழியையும் திறந்ததும் வரவு பூஜ்யம் ஆகிவிடுகிறது.

காரணம், ஒவ்வொரு வழியும் நேரடியாக நிகழ்தகவைத் தருவதில்லை. ‘வீச்சு’ என்ற எண்ணைத் தருகிறது. வீச்சு கழித்தல் குறியோடும் வரலாம் (முழுக் கணக்கில் அது கலப்பெண்). முதலில் வீச்சுகளைக் கூட்டவேண்டும், பிறகுதான் வர்க்கப்படுத்தவேண்டும். இந்த வர்க்க விதியை மாக்ஸ் போர்ன் 1926இல் கொடுத்தார். மேலே சொன்ன கணக்கில் ஒவ்வொரு வழியின் வீச்சும் 10. (10 + 10)² = 400. (10 − 10)² = 0. எல்லாம் இந்தக் கழித்தல் குறியில்தான் இருக்கிறது. ‘இரண்டு இடத்தில் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் யாருமே வராத வாசலுக்கு விளக்கம் கிடைக்காது.

படிவம் 4இல் அலைகளுக்குப் படித்த ‘சூப்பர்போசிசி’யும் இதுவும் ஒன்றா?

கணக்கு ஒன்றே, கூட்டப்படும் பொருள்தான் வேறு. அங்கே கூட்டப்படுவது நீரின் உயரம், காற்றின் அழுத்தம். இங்கே நிகழ்தகவின் வீச்சு. நீரின் உயரத்தைக் கோல் வைத்து அளக்கலாம். வீச்சை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது.

வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். தேவையானவை: நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சிலைடு ஒன்று, இருபக்க சவர பிளேடு இரண்டு, கற்பூர வில்லை இரண்டு, கிடுக்கி, 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டி. லேசரில் ‘வகுப்பு 2’ அல்லது ‘1 மில்லிவாட்டுக்குக் கீழ்’ என்று எழுதியிருக்கவேண்டும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் பச்சை லேசரை வாங்காதீர்கள். ஒட்டியிருக்கும் எண்ணைவிடப் பலமாக இருப்பது வழக்கம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சிலவற்றில் சேர்ந்து கசியும்.

கற்பூரத்தை வெளியே, காற்றில்லாத இடத்தில் ஏற்றுங்கள். புகை நுனியில் சிலைடைக் கிடுக்கியால் பிடித்து, நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். சிலைடு வழியாகப் பார்த்தால் குழல் விளக்கு தெரியக்கூடாது, அதுதான் அளவு. பூஜைத் தட்டில் படியும் அதே கரிதான், கைபட்டால் உடனே போய்விடும். எனவே ஓரத்தை மட்டும் பிடித்து ஆறவிடுங்கள்.

இரண்டு பிளேடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்து, முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மறுபக்கத்தை டேப்பால் இறுக்குங்கள். பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. ஆகவே முனைகளுக்கிடையே அதே இடைவெளி கிடைக்கும். அளவுகோலை ஒட்டி, மூலையால் ஒரே இழுப்பாக 2 செ.மீ. கீறுங்கள். அரை செ.மீ. தள்ளி, ஒற்றை பிளேடால் இன்னொரு கீறல் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

அறையை இருட்டாக்கி, லேசரையும் சிலைடையும் அசையாமல் வைத்து, 3 மீட்டர் தூரத்தில் வெள்ளைச் சுவரில் பாருங்கள். இரட்டைக் கீறலில் பட்டைகளுக்கிடையே சுமார் 2 செ.மீ. வரவேண்டும். பட்டை இடைவெளி = அலைநீளம் × தூரம் ÷ கீறல் இடைவெளி. அதாவது 0.00065 மி.மீ. × 3000 மி.மீ. ÷ 0.1 மி.மீ. = 19.5 மி.மீ.

இப்போது ஓர் இருட்டுப் பட்டையின் நடுவில் பென்சிலால் புள்ளி வையுங்கள். சிலைடை நகர்த்தி, ஒற்றைக் கீறலை லேசருக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அந்தப் புள்ளி வெளிச்சமாகிவிடும். மறுபடி இரட்டைக் கீறல், மறுபடி இருட்டு. திறப்பு கூடக் கூட வெளிச்சம் குறையும் இடம் அதுதான்.

பட்டை வரவில்லை. என்ன தவறு?

பெரும்பாலும் கீறல்தான். பிளேடை அழுத்தினால் கரி செதில் செதிலாகப் பெயர்ந்து இரண்டு கீறலும் ஒன்றாகிவிடும், சுவரில் நீண்ட ஒரே தீற்றல்தான் தெரியும். கீறல் ஒவ்வொன்றும் அகலமாகிவிட்டால் நடுவில் ஒன்றிரண்டு பட்டையோடு நின்றுவிடும். இடைவெளி 2 செ.மீ.க்குப் பதில் 1.3 செ.மீ. வந்தால் சோதனை தோற்கவில்லை. பிளேடுகளுக்கு நடுவே 0.05 மி.மீ. சந்து விழுந்து, கீறல் இடைவெளி 0.15 மி.மீ. ஆகியிருக்கிறது, அவ்வளவே.

கண்ணாடி விரிசல் விட்டால், சுடரில் ஒரே இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஏர்கான் அறையிலிருந்து சிலைடை வெளியே கொண்டுவந்தால் நம் ஊர் ஈரக் காற்றில் உடனே பனித்துவிடும். ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும்போது எக்ஸ்போஷரைப் பூட்டவேண்டும். இல்லாவிட்டால் இருட்டுப் பட்டையைக் கேமரா தானே வெளிச்சமாக்கி ‘உதவி’ செய்யும்.

லேசரை ஜன்னலுக்கு வெளியே காட்டவே கூடாது. பயான் லெப்பாஸ் பக்கம் விமானங்கள் தாழப் பறக்கின்றன.

அப்படியானால் குவாண்டத்தை வீட்டிலேயே நிரூபித்துவிட்டோமா?

இல்லை. இதை நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். தாமஸ் யங் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே பட்டைகளைக் காட்டியபோது ஒளி ஓர் அலை என்பது மட்டுமே தெரிந்தது, அந்த அளவிலேயே பட்டைகளை முழுதும் விளக்கிவிடலாம்.

1 மில்லிவாட் சிவப்பு லேசர் விநாடிக்கு ஏறத்தாழ 3,300 லட்சம் கோடி ஃபோட்டான்களை (ஒளித் துகள்களை) தள்ளுகிறது. உங்கள் 3 மீட்டர் பாதையில் எந்தக் கணத்திலும் சுமார் 3.3 கோடி ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும். ‘ஒன்றோடொன்று மோதிப் பட்டை உண்டாகிறதோ’ என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்க ஒளியைக் கோடிக் கணக்கான மடங்கு மங்கவைத்து, பாதையில் ஒன்றுக்கு மேல் இல்லாதபடி செய்யவேண்டும். 1909இல் ஜி. ஐ. டெய்லர் மிக மங்கிய ஒளியில் ஊசியின் நிழலைப் படம் பிடித்தார், அதில் நீண்ட பதிவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. பட்டைகள் அப்படியே இருந்தன. ஆனால் மங்கிய விளக்கு உண்மையான ஒற்றை ஃபோட்டான் மூலம் ஆகாது, சில சமயம் இரண்டு சேர்ந்தும் வரும். அந்த ஓட்டையையும் அடைத்த சோதனையை 1986இல் கிராஞ்சியே, ரோஜர், அஸ்பே மூவரும் செய்தார்கள். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகத் திரையில் புள்ளி வைத்து, மெல்ல மெல்லப் பட்டையாகத் திரள்வதை 1989இல் ஜப்பானில் தோனோமுரா குழு படமாக்கியது. வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு, 2019இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறு வரை இதே பட்டைகள் கிடைத்திருக்கின்றன.

மேற்பொருந்துதல் சுண்டி மூடிய காசு போலத்தானே? பூவா தலையா என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்கு வாய்ப்பேச்சு உதவாது, செய்து பார்த்துவிடலாம். ஐபிஎம் நிறுவனம் 2016 முதல் குவாண்டம் கணினியை இணையத்தில் திறந்துவிட்டிருக்கிறது. கணக்குத் தொடங்கி, ஒரே ஒரு க்யூபிட் (0, 1 இரண்டின் மேற்பொருந்துதலிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்) எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று: 0 நிலையிலிருக்கும் க்யூபிட்டில் ஒரு ஹடமார்ட் கேட் (0 நிலையை 0, 1 இரண்டின் சம மேற்பொருந்துதலாக்கும் செயல்), பிறகு அளவீடு. 1,024 முறை ஓட்டுங்கள். 0 சுமார் 512 முறை வரும், 480 முதல் 544 வரை எது வந்தாலும் சாதாரணம். இதுவரை காசு மாதிரியே இருக்கிறது.

இரண்டாம் சுற்று: ஹடமார்ட் கேட்டை இரண்டு முறை போட்டு, பிறகு அளவீடு. காசை இரண்டாம் முறை சுண்டினாலும் பாதிக்குப் பாதிதான் வரவேண்டும். இங்கே அநேகமாக எல்லா முறையும் 0தான் வரும். 1 என்ற விடைக்குப் போகும் இரண்டு வழிகளின் வீச்சுகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. கரிச் சிலைடின் இருட்டுப் பட்டையே இது. உள்ளே ஏற்கெனவே 0 அல்லது 1 என்று ஒளிந்திருந்து நமக்குத் தெரியாமல் மட்டும் இருந்தால் இந்த விடை வராது.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரண்டு ஹடமார்ட் சேர்ந்தால் ஒன்றும் செய்யாததற்குச் சமம் என்பது மென்பொருளுக்கும் தெரியும். அது இரண்டையும் தூக்கிவிட்டு வெற்றுச் சுற்றை ஓட்டிவிடும். நீங்கள் சோதனை செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் ‘பேரியர்’ (தாண்டிச் சுருக்காதே என்ற தடுப்புக் குறி) போடுங்கள், ஆப்டிமைசேஷன் நிலையை (மென்பொருள் சுற்றை எவ்வளவு சுருக்கலாம் என்ற அளவை) 0 ஆக்குங்கள். நூறில் ஒன்றிரண்டு 1 வருவது கருவியின் அளவீட்டுப் பிழை, புது இயற்பியல் அல்ல.

மனிதன் பார்ப்பதால்தான் நிலை மாறுகிறதாமே?

மூன்றாம் சுற்றை ஓட்டுங்கள்: ஹடமார்ட், அளவீடு, ஹடமார்ட், அளவீடு. நடு அளவீட்டின் விடையை யாரும் பார்க்கவேண்டாம், சேமிக்கவும் வேண்டாம். கடைசி விடை பாதிக்குப் பாதியாகிவிடும். நடு அளவீட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ‘சிநாட்’ கேட் மூலம் இரண்டாவது க்யூபிட்டுக்குத் தகவலைக் கசியவிட்டாலும் அதே பாதிக்குப் பாதி. கடைசி ஹடமார்டுக்கு முன் இன்னொரு சிநாட் போட்டு அந்தக் கசிவைத் துடைத்துவிட்டால் மறுபடி எல்லாம் 0. ‘கடந்த காலத்தை மாற்றும் குவாண்டம் அழிப்பான்’ என்று காணொளிகளில் பரபரப்பாகச் சொல்வதன் எலும்புக்கூடு இதுதான். எந்தக் கடந்த காலமும் மாறவில்லை, கசிந்த தகவல் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே மேற்பொருந்துதலைக் குலைப்பது தகவல் வெளியே கசிவது. கண்ணும் மனமும் தேவையில்லை. மனத்தால்தான் குலைகிறது என்பவர் ‘கடைசி விடையை நீங்கள் படித்தபோது எல்லாம் சேர்ந்து குலைந்தது’ என்று தப்பிக்கலாம். அதை மறுக்க முடியாதுதான், ஆனால் அவருடைய மனம் கணக்கில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லையே. மனத்தால்தான் குலைகிறது என்ற வாதத்தை 1961இல் வலுவாக முன்வைத்த இயற்பியலாளர் யூஜின் விக்னர், பிற்காலத்தில் அதைக் கைவிட்டார். வாட்ஸாப்பில் முதல் பாதி மட்டுமே சுற்றுகிறது.

ஷ்ரோடிங்கரின் பூனை உயிரோடும் இறந்தும் இருக்கிறதா?

கதை இதுதான்: பெட்டிக்குள் ஒரு பூனை, ஓர் அணு சிதைந்தால் நஞ்சு கசிந்து அது இறக்கும். அணு சிதைந்ததும் சிதையாததுமாக மேற்பொருந்தியிருந்தால் பூனையும் அப்படித்தானே இருக்கவேண்டும். 1935இல் ஷ்ரோடிங்கர் அதை எழுதியது, ‘இப்படி அபத்தமாக முடிகிறதே’ என்று சுட்டிக்காட்ட. பூனையை யாரும் பெட்டியில் வைக்கவில்லை.

பூனையில் பட்டை தெரியாததற்குக் காரணம் கசிவு. ஒரு கன செ.மீ. காற்றில் சுமார் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள். ஒவ்வொரு மோதலும் ‘பூனை எங்கே, எப்படி’ என்ற தகவலை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. வெளியே ஓடியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. இதற்கு டீகோஹெரன்ஸ் என்று பெயர், ஓரியல்பு குலைதல் என்றும் சொல்லலாம். 1970இல் ஹெச். டி. ட்சே தொடங்கிவைத்த ஆய்வு இது. இதைத் தடுக்கத்தான் மீகடத்தியால் (மின்தடை இல்லாத பொருளால்) செய்த க்யூபிட்டுகளைச் சுமார் 15 மில்லிகெல்வினில், அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையை ஒட்டி, வைக்கிறார்கள். கெல்வின் கணக்கில் ஜார்ஜ்டவுன் மதிய வெயில் அதைவிட 20,000 மடங்கு அதிகம். அந்தக் குளிரிலும் க்யூபிட் தாங்குவது மைக்ரோவிநாடிகளில்தான் கணக்கு.

பல உலகங்கள் உண்டு என்றால், ஏதோ ஓர் உலகத்தில் என் நாலு நம்பர் அடித்திருக்குமே?

ஹியூ எவரெட் 1957இல் பிரின்ஸ்டனில் சொன்னது சுருக்கமானது: அளவீட்டில் எதுவும் மறைவதில்லை, சமன்பாடு அப்படியே தொடர்கிறது, பார்ப்பவரும் மேற்பொருந்துதலில் சேர்ந்துவிடுகிறார். ‘பல உலகங்கள்’ என்ற பெயரைப் பரப்பியவர் இயற்பியலாளர் பிரைஸ் டிவிட்.

அது சரியென்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் நம்பருக்கு முதல் பரிசு விழும் பங்கு 10,000இல் 1தான். போர்ன் விதி தரும் எடை எந்தக் கிளையிலும் மாறாது. கிளையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் சமன்பாட்டில் இல்லை. ‘குவாண்டம் ஜம்ப்’ வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்பவரிடம் அந்தப் பொத்தான் எந்த உறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இத்தனை விளக்கங்களில் எது சரி?

முதலில் இரண்டு கூடையாகப் பிரியுங்கள்.

முதல் கூடையில் கோபன்ஹேகன் விளக்கம் (அளவீட்டில் ஒரே விடை மட்டும் நிலைக்கிறது), எவரெட், 1952இல் டேவிட் போம் தந்த வழிகாட்டும் அலை (துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, ஓர் அலை அதை நடத்துகிறது). மூன்றும் உங்கள் சுவரில் அதே 19.5 மி.மீ.யைத்தான் சொல்கின்றன. எதை நம்பினாலும் எண் மாறாது, தேர்வு ரசனையும் தத்துவமும் சார்ந்தது. ஒரு கட்டுப்பாடு மட்டும் வந்துவிட்டது. ஜான் பெல் 1964இல் தந்த சமனின்மையைச் சோதனைகள் மீறிவிட்டன, அதற்காக 2022 நோபல் பரிசு அஸ்பே, கிளௌசர், சைலிங்கர் மூவருக்கும் கிடைத்தது. ‘எல்லாம் முன்பே தீர்மானமாகி அந்தந்த இடத்திலேயே ஒளிந்திருக்கிறது’ என்ற எளிய சித்திரம் அதோடு போயிற்று. போம் விளக்கம் பிழைத்தது, தூரத்து விளைவை (ஓர் இடத்தில் செய்வது தொலைவில் உள்ளதையும் உடனே பாதிப்பதை) அது முதலிலேயே ஒப்புக்கொண்டதால்.

இரண்டாம் கூடை எங்களுக்கு அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அதில் உள்ளவை சோதனையில் தோற்கக்கூடியவை. 1986இல் கிரார்தி, ரிமினி, வெபர் மூவரும், ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை தானாகக் குலையும் என்று சமன்பாட்டையே மாற்றினார்கள். ஒற்றை எலக்ட்ரானில் தெரியாது. 10²³ துகள் கொண்ட பொருளில் விநாடிக்கு ஒரு கோடி முறை நடக்கும், ஆகவே பூனை பிரச்சினை இல்லை. புவியீர்ப்புதான் குலைக்கிறது என்பது டியோசி, பென்ரோஸ் இருவரின் யோசனை. அப்படிக் குலைந்தால் மங்கலான கதிர்வீச்சு வரவேண்டும். இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்க ஆய்வகத்தில் தேடினார்கள், வரவில்லை. அந்த யோசனையின் மிக எளிய வடிவம் 2020இல் விலக்கப்பட்டது. மற்ற வடிவங்கள் இன்னும் களத்தில் உள்ளன.

பிரபஞ்சம் ஒரு கணினி விளையாட்டு, பார்க்கும்போது மட்டும் வரைகிறது என்கிறார்களே?

நாம் ஒரு கணினிப் பாவனைக்குள் வாழ்ந்துகொண்டிருக்கலாம் என்று தத்துவவாதி நிக் பாஸ்ட்ரம் 2003இல் எழுதிய வாதத்துக்குக் குவாண்டம் தேவையே இல்லை. ‘நினைவகத்தை மிச்சப்படுத்தத்தான் மேற்பொருந்துதல்’ என்பது பிறகு ஒட்டவைத்தது, அதுவும் தலைகீழ். மேற்பொருந்துதல் நினைவகத்தைத் தின்னும். 50 க்யூபிட்டின் நிலையை எழுதிவைக்க ஏறத்தாழ 1,126 லட்சம் கோடி வீச்சுகள் வேண்டும். ஒன்றுக்கு 16 பைட் என்றால் 18,000 டெராபைட். 300 க்யூபிட் என்றால் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணு எண்ணிக்கையையே மிஞ்சும். சிக்கனமாக விளையாட்டு எழுதுபவர் காசைப் பூவாகவோ தலையாகவோ வைத்திருப்பார், இவ்வளவு செலவு செய்யமாட்டார்.

மூளை ஒரு குவாண்டம் கணினியா?

இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஹேமராஃபும் நரம்புச் செல்லின் நுண்குழல்களில் குவாண்டம் கணக்கீடு நடக்கிறது என்கிறார்கள். மாக்ஸ் டெக்மார்க் 2000இல் போட்ட கணக்கில் மூளையின் சூட்டில் ஓரியல்பு 10⁻¹³ விநாடிக்குள் குலைந்துவிடுகிறது. நரம்பு ஒருமுறை துடிக்கவே மில்லிவிநாடி ஆகும். அவர்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, விவாதம் நடக்கிறது. எங்கள் பார்வையில் ஆதாரம் கேட்கப்படவேண்டியது அவர்கள் பக்கம்.

உபநிடதம் படித்துத்தான் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கண்டுபிடித்தாராமே? செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நடராஜர் சிலை இருக்கிறதே?

ஷ்ரோடிங்கருக்கு வேதாந்தத்தில் ஈடுபாடு உண்டு, ஷோப்பன்ஹவர் வழியாக அதற்குள் போனவர். ஆனால் 1926 சமன்பாடு பிறந்தது, துகளும் அலைபோல் நடக்கும் என்ற டி பிராக்லியின் 1924 ஆய்வேட்டிலிருந்து. அதன் படிகளில் அத்வைதம் எங்கும் வருவதில்லை. செர்ன் வளாகத்தில் நடராஜர் இருப்பதும் உண்மை, 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. அன்பளிப்பு சோதனை முடிவாகாது. மாயையைப் பற்றிய சிந்தனைக்கு அதற்கென ஆழம் உண்டு. 19.5 மி.மீ. சாட்சி சொல்லித்தான் அது நிற்கவேண்டும் என்றில்லை.

‘குவாண்டம்’ பதக்கம், வளையல் விற்கிறார்கள். போடலாமா?

வேண்டாம், இதில் பணம் போவதோடு நிற்பதில்லை. ‘நெகடிவ் அயன்’ வரவேண்டும் என்பதற்காகச் சிலவற்றில் தோரியம் கலந்த கனிமப் பொடியைச் சேர்க்கிறார்கள். அது கதிரியக்கப் பொருள். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருள்களுக்குத் தடை அறிவித்தது. இரவும் பகலும் தோலோடு ஒட்டிக்கிடப்பதுதான் பிரச்சினை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கழற்றி, பொட்டலத்தில் மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் தள்ளி வையுங்கள். உடைக்கவோ, உரசவோ, குடிநீரில் போடவோ கூடாது. பொடி உள்ளே போனால் கெடுதல் இன்னும் அதிகம்.

இதையெல்லாம் எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) விடைத்தாளில் எழுதலாமா?

வேண்டாம். அங்கே கேட்பது பிளாங்க், ஒளிமின் விளைவு, டி பிராக்லி அலைநீளம். கரிச் சிலைடை மட்டும் பத்திரப்படுத்துங்கள், படிவம் 4 இரட்டைப் பிளவுக் கணக்குக்கு உதவும். தம்பி தங்கைகள் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம்.